மாட்டினிக்குப் போன முகூர்த்தப் பட்டு

எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் நானும் என் மனைவியும் வீட்டிலேயே ஒரு தறி போட்டுப் பட்டு நெய்துகொண்டிருந்தோம். பட்டும் சரிகையும் ஆரணியில் இருந்த முதலாளி கொடுப்பார். நெய்து முடித்த சேலையை மடித்து, துணியில் கட்டி, அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்த சேலைக்கு வேலை கிடைக்கும். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை.

இந்த விஷயத்தை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பாதி பாதியாகச் சொல்லியிருக்கிறேன். எனக்கு வசதியான பாதியை.

குடி, பீடி, சீட்டாட்டம் எதுவும் எனக்குக் கிடையாது. சினிமா ஒன்றுதான். எனக்குப் பிடித்த நடிகரின் படம் ஆரணிக் கொட்டாயில் வந்துவிட்டால் எனக்குத் தறியில் உட்காரப் பிடிக்காது. முதல் நாள் தோரணம் கட்டுவதில் இருந்து, அவர் திரையில் வந்ததும் கிழித்த காகிதத்தை அள்ளி வீசுவது வரைக்கும் எல்லாவற்றிலும் நான் இருப்பேன். கல்யாணம் ஆன பிறகும் அது விடவில்லை. என் மனைவி திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் பேசாமல் இருந்தும் பார்த்தாள்.

அந்த வருஷத்துக்கு முந்தின மார்கழியில் குழந்தைக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பத்து நாள் ஆகியும் இறங்கவில்லை. கண்ணைத் திறக்கவே இல்லை. வேலூரில் டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு வந்து படுக்க வைத்திருந்தபோது நான் படவேட்டு அம்மனை நினைத்து ஒரு வேண்டுதல் செய்தேன். குழந்தை பிழைத்து எழுந்துவிட்டால், வர்ற ஆடியில் கோயிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போடுகிறேன், அதுவரைக்கும் சினிமாக் கொட்டாய் வாசலை மிதிக்க மாட்டேன் என்று. என் மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். அவள் என் முகத்தைப் பார்த்த பார்வையிலேயே, இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குப் புரிந்தது தெரிந்தது. குழந்தை பிழைத்து எழுந்தாள்.

ஐந்து மாதம் ஒழுங்காக இருந்தேன். வைகாசியில் கெட்டுப்போனேன்.

அன்று திங்கட்கிழமை. ஒரு முகூர்த்தப் பட்டு நெய்து முடித்திருந்தோம். அரக்கு நிறம், இரண்டு பக்கமும் அகலமாகச் சரிகை பார்டர், முந்தானை முழுக்க அன்னப்பட்சி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குச் சேலை தேவை என்று முதலாளி அவசரப்படுத்தியதால், நானும் மனைவியும் மாறி மாறித் தறியில் உட்கார்ந்து முடித்தோம். அவளே அதைப் பச்சைக் கரை போட்ட பழைய வேட்டியில் சுற்றி, ரெட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.

முதலாளி வீட்டுக்குப் போனால் அவர் இல்லை. ஏதோ விசேஷத்துக்குக் கண்ணமங்கலம் போயிருக்கிறார், சாயங்காலம் வாங்க என்று சொல்லிவிட்டார்கள். மணி இரண்டுகூட ஆகவில்லை. முள்ளிப்பட்டுக்குத் திரும்பிப் போய் மறுபடி வருவதற்குச் சோம்பல். அந்தப் பக்கம் சினிமா விளம்பரத் தட்டி வைத்த வண்டி ஒன்று ஒலிபெருக்கியில் பாட்டைப் போட்டுக்கொண்டே போனது. என் நடிகரின் புதுப் படம். சத்தியமாகச் சொல்கிறேன், கொட்டாய்க்குப் போகணும் என்று நான் முடிவு செய்ததாகவே ஞாபகம் இல்லை. கால் அந்தப் பக்கம் போனது. பெஞ்சு டிக்கெட் வாங்கி, மூட்டையைக் காலடியில் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

படம் முடிந்ததும் கூட்டம் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. நானும் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து, ஒரு டீக்கடையில் டீ வாங்கினேன். இடது கையில் கிளாஸ். வலது கையில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்த அந்த நிமிஷம் இருக்கிறதே, அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிளாஸ் கை நழுவி உடைந்தது.

பக்கத்தில் ஒரு சுமை தூக்குகிறவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தலையில் சிவப்புத் துண்டைச் சும்மாடாகச் சுற்றியிருந்தார். அவர்தான் முதலில் கேட்டார், "இன்னாப்பா ஆச்சு? மூஞ்சி வெளிறிப் போச்சே, உக்காரு" என்று. நான் பதில் சொல்லாமல் கொட்டாயைப் பார்த்து ஓடினேன்.

சாயங்கால ஆட்டத்துக்கு ஆட்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். டிக்கெட் கிழிக்கிறவரிடம் கெஞ்சி உள்ளே போய்ப் பார்த்தேன். பெஞ்சுக்கு அடியில் ஒன்றும் இல்லை. தரை சுத்தமாகக் கூட்டியிருந்தது. டிக்கெட் கிழிக்கிறவர், "யாரும் எங்கிட்ட எதுவும் குடுக்கலப்பா. இவ்ளோ கூட்டத்துல யார் எடுத்தாங்களோ" என்று சொல்லிவிட்டார். தரை கூட்டியிருக்கிறது, அப்படியானால் கூட்டினவர் ஒருத்தர் இருப்பாரே, அவரைக் கேட்போம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பத்து வருஷமாக அந்தக் கொட்டாய்க்குப் போகிறேன். அங்கே கூட்டுகிறவர் ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

முதலாளி வீட்டுக்கு நடந்துபோன அந்தக் கொஞ்ச தூரத்தில் பொய்யைத் தயார் பண்ணினேன். கொட்டாயில் விட்டேன் என்று சொன்னால் மனைவிக்குத் தெரிந்துவிடும். வேண்டுதலை உடைத்தது தெரிந்துவிடும். அதனால், "பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கறப்போ மூட்டையைப் பெஞ்சியில வெச்சேன். திரும்பிப் பார்த்தா காணோம்" என்றேன்.

முதலாளி அதிர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். பிறகு, "பக்கத்துல யார் இருந்தாங்க?" என்று கேட்டார்.

நான் யோசிக்காமல் சொன்னேன். "மூட்டை தூக்குறவரு ஒருத்தர் நின்னுகினு இருந்தாரு. சிவப்புத் துண்டு."

அவர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் அந்த மூன்று நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நின்றுகொண்டிருந்தார் என்றுதானே சொன்னேன், அது உண்மைதானே என்று. ஆனால் அவர் கேட்ட இடத்தில், கேட்ட கேள்விக்கு அந்தப் பதில் என்ன வேலை செய்யும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலையிலேயே முதலாளியின் ஆட்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சுமைக்காரர், தான் எடுக்கவே இல்லை என்றார். "அந்த ஆளு டீக்கடைக்கு வெறுங்கையோடதான் வந்தாரு. அப்புறம் கொட்டாய் பக்கமா ஓடினாரு" என்று சொல்லியிருக்கிறார். யாரும் நம்பவில்லை. சேலை கிடைக்கிற வரைக்கும் இவரிடம் யாரும் மூட்டை கொடுக்க வேண்டாம் என்று கடைக்காரர்களிடம் சொல்லிவிட்டார்கள். கூட இருந்த சுமைக்காரர்களே தள்ளி நின்றார்கள். புதன்கிழமை எனக்கு ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அம்மன் கோயிலில் அவர் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணணும், பொருளைப் பறிகொடுத்தவன் என்ற முறையில் நீயும் எதிரில் வந்து நிற்கணும் என்று. எரிகிற கற்பூரத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் பொய் சொன்னவனை அம்மன் சும்மா விடமாட்டாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவர் உடனே ஒத்துக்கொண்டாராம். "ஒண்ணு இல்ல, பத்துக் கற்பூரம் கொளுத்துங்க" என்றாராம்.

வந்த ஆள் இதைச் சொல்லிவிட்டுப் போனதும் என் மனைவி, "பாவம், அவரு எடுத்திருக்க மாட்டாருங்க. எடுத்தவன் இப்படி ஒத்துக்குவானா?" என்றாள். குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்தபோது அவளைத் தொடவே எனக்குப் பயமாக இருந்தது. அம்மன் சேலையோடு விடுவாளா, இல்லை குழந்தையையும் கேட்பாளா என்று மனம் அடித்துக்கொண்டது. அப்படிப் பயந்தேனே தவிர, எழுந்து போய் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. இடுப்பில் ஒரு கூடை, கூடை நிறைய முருங்கைக்கீரை. கீரை விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து என் மனைவி வேண்டாம் என்று கையசைத்தாள்.

"கீரை விக்க வரலீங்க. பட்டுச் சேலை தொலைச்சது இந்த வூடுதானுங்களா?"

என் மனைவி ராட்டையை விட்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். நான் தறியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"ஆமாம்மா. நீ யாரு?"

"ஆரணியில கூட்டிப் பெருக்குற வேலைங்க எனக்கு. ஒரு மூட்டை கெடைச்சுது. உங்களுதான்னு கேட்டுகினு போலாம்னு வந்தேன். எந்தத் துணியில கட்டியிருந்தீங்க?"

என் மனைவி மூச்சு வாங்கச் சொன்னாள். பழைய வேட்டி, பச்சைக் கரை, ஒரு மூலையில் மஞ்சள் கறை, ரெட்டை முடிச்சு. அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். பிறகு அவளைத் தாண்டி என்னைப் பார்த்தார்.

"எங்க வுட்டீங்க?"

எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. இவர் எங்கே கூட்டுகிறவர் என்று புரிந்துவிட்டது. ஆனால் மனைவி எதிரில் நிற்கிறாள். நாக்கு தானாகப் பழைய இடத்துக்கே போனது.

"பஸ் ஸ்டாண்டுல. டீக்கடை பெஞ்சியில."

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபம் இல்லை. கேலியும் இல்லை. கூடையை இடுப்பில் சரிசெய்து வைத்துக்கொண்டார்.

"துணி சரியாத்தான் இருக்குது. எடம் ஒத்து வரலீங்களே. எடம் ஒத்து வராத பொருளை எப்படிக் குடுக்கறது? நான் வரேங்க."

சொல்லிவிட்டுத் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

என் மனைவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏம்மா, நில்லும்மா... துணி எங்களுதுதானே... ஏங்க, நீங்க ஏதாவது சொல்லுங்களேன்" என்று அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த அம்மா நிற்கவில்லை. வேகமாகவும் போகவில்லை. ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று தெருவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். அந்தக் கூடைக்குள் என் சேலை இருக்கிறது. மறுநாள் காலையில் கற்பூரம் இருக்கிறது.

தறிக் குழியிலிருந்து ஏறி வாசலுக்கு ஓடினேன்.

"அம்மா, நில்லு. கொட்டாயில வுட்டேன். மாட்டினி பார்க்கப் போனேன். மூணாவது பெஞ்சிக்கு அடியில."

அவர் திரும்பினார்.

"மூணு இல்லீங்க. நாலு" என்றார்.

கூடையை இறக்கி, கீரையை எடுத்துக் கீழே வைத்தார். அடியில் மூட்டை இருந்தது. என் மனைவி போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

நான் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அந்த அம்மாவிடம் கொடுத்தாள். "உள்ள வந்து நிழல்ல உக்காருங்க" என்றாள். அதுவரை அவரை நாங்கள் வெயிலில்தான் நிற்க வைத்திருந்தோம். வந்த பெண் யார், எந்தப் பக்கத்துக்காரர் என்று பார்த்ததும் தெரிந்துவிடுகிற ஊர் எங்களுடையது. உள்ளே கூப்பிட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியிருக்கவில்லை. அவரும் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே வந்தார்.

தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்ன பிறகுதான் எனக்கு முழு விஷயமும் தெரிந்தது.

திங்கட்கிழமை மாட்டினி முடிந்து கூட்டும்போது மூட்டை கிடைத்திருக்கிறது. முன்பு ஒருமுறை கொட்டாயில் கிடைத்த குடையை அங்கே ஒருத்தரிடம் கொடுத்து, அது உரியவருக்குப் போய்ச் சேரவில்லையாம். அதனால் இந்த முறை யாரிடமும் கொடுக்காமல் தானே வைத்துக்கொண்டார். தொலைத்தவர் எப்படியும் தேடி வருவார் என்று செவ்வாயும் புதனும் வேலை முடிந்த பிறகும் கொட்டாய் வாசலிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். யாரும் வரவில்லை. புதன்கிழமை சாயங்காலம் வந்தது அந்தச் சுமைக்காரர்.

"மூணு நாளா அவரு வேலையில்லாம, உங்க மூட்டையைத்தான் தேடிகினு இருக்காரு. போளூர் பஸ்ஸு, வேலூர் பஸ்ஸு எல்லாத்துலயும் ஏறி சீட்டுக்கு அடியில பார்த்திருக்காரு. நீங்க கொட்டாய் பக்கமா ஓடினதை நெனைச்சுகினு கடைசியா எங்கிட்ட வந்தாரு. வந்து இன்னா சொன்னாருன்றீங்க? 'பட்டும்மா. அவன் எத்தனை நாள் உக்காந்து நெய்தானோ' அப்படின்னாரு."

என் மனைவி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருகிட்டயே குடுத்திருக்கலாமே?" என்று நான்தான் கேட்டேன். எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்று கேட்டபிறகுதான் தெரிந்தது.

"அவரு கையால கொண்டாந்து குடுத்தா ஊரு இன்னா சொல்லும்? எடுத்தவன் பயந்து திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லும். அதான், நீ வராதே, நானே போறேன்னு அவருகிட்ட சொல்லிட்டேன். நாளைக்கு அவரு கற்பூரம் அணைக்கப் போறாரு. அவரு சாமி வேற, என் சாமி வேறதான். ஆனா அவரு அங்க அப்படி நிக்கறப்போ, இந்த மூட்டையை வூட்டுல வெச்சுகினு நான் எப்படி ஜெபம் பண்றது?"

என் மனைவி அவருக்கு ஏதாவது கொடுக்கணும் என்று பரபரத்தாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அந்த அம்மா ஒன்றும் வேண்டாம் என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டே, "ஒண்ணு கேக்கலாங்களா? அதை ஒரு தடவை பிரிச்சுக் காட்டுவீங்களா?" என்றார்.

மூன்று நாள் அவர் வீட்டில் இருந்திருக்கிறது. மேலே தொட்டுப் பார்த்ததிலேயே உள்ளே பட்டு என்று தெரிந்திருக்கிறது. முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

என் மனைவி கூடத்தில் பாயை விரித்து, முடிச்சை அவிழ்த்து, சேலையை முந்தானை வரைக்கும் விரித்துக் காட்டினாள். அரக்கு நிறமும் சரிகையும் கூரை இடுக்கு வழியாக வந்த வெளிச்சத்தில் தகதக என்று இருந்தது. அந்த அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு அன்னப்பட்சியாகப் பார்த்துக்கொண்டே போனார். "தொட்டுப் பாருங்க" என்றாள் என் மனைவி. "கை அழுக்குங்க" என்றார் அவர். என் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து முந்தானையின் மேல் வைத்தாள். குழந்தை நடுவில் புகுந்து தானும் கையை வைத்தாள்.

பிறகு என் மனைவி எழுந்தாள். என்னைப் பார்த்து, உண்மை தெரிந்த பிறகு முதல் தடவையாக, இரண்டே வார்த்தை சொன்னாள்.

"சட்டையை மாட்டுங்க."

வீட்டைப் பூட்டிவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளும் வந்தாள். பஸ்ஸில் ஆரணி போனோம். நான் முதலில் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சேலையைக் கொடுத்துவிடலாம் என்றேன். அங்கே நடப்பது நாலு சுவருக்குள் முடிந்துவிடும், அவரே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிடுவார் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு. அந்த அம்மா மாட்டேன் என்றார். "சேலை மூணு நாள் இருந்துச்சு, இன்னும் அரை மணி நேரம் இருக்கும். மொதல்ல பஸ் ஸ்டாண்டு."

காலை நேரம், பஸ் ஸ்டாண்டில் நல்ல கூட்டம். அந்தச் சுமைக்காரர் டீக்கடைக்கு எதிரில், மற்றவர்களிடமிருந்து தள்ளி, தனியாகக் குந்தி உட்கார்ந்திருந்தார். வேலூர் பஸ் வந்து நின்று மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

நான் போய் அவர் எதிரில் நின்றேன். என்ன பேசுவது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது. காலில் விழப் போனேன். அவர் சட்டென்று எழுந்து தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "இன்னா பண்றே? வேணாம், வேணாம். சொல்ல வேண்டியதைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். டீக்கடைக்காரர், கண்டக்டர்கள், சுமைக்காரர்கள், பூக்காரம்மா எல்லோரும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். சேலையை யாரும் எடுக்கவில்லை. நான் கொட்டாயில் விட்டுவிட்டு வந்தேன். பொய் சொன்னேன். சாமிக்கு வேண்டிக்கொண்டதை உடைத்ததை மறைக்க ஒரு நல்ல மனுஷனைக் காட்டிக்கொடுத்தேன். இந்த அம்மாதான் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள், என்ன செய்யப் போகிறார் என்று. அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். காறித் துப்பியிருந்தாலும் துடைத்துக்கொண்டிருப்பேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து உதறினார்.

"படம் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். அவரைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். என் மனைவிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் மட்டும் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸை நோக்கிப் போனார். இன்னொரு சுமைக்காரர் தானாக வழிவிட்டு, பெரிய மூட்டையாகப் பார்த்து அவர் தலையில் ஏற்றிவிட்டார்.

அதை அவர் கிண்டலாகக் கேட்டாரா, மன்னித்துவிட்டுக் கேட்டாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. கூட்டத்தில் ஒருத்தன் கூனிக் குறுகி நிற்கிறதைப் பார்க்க அவருக்குப் பொறுக்கவில்லை, அதற்காகக் கேட்டார் என்றுதான் என் மனைவி சொல்வாள். அந்த மாதிரி நிற்பது எப்படி இருக்கும் என்று அந்த மூன்று நாளில் அவருக்குத் தெரிந்திருக்கும் இல்லையா?

முதலாளியிடமும் சொன்னேன். அவர் நீளமாக ஒன்றும் பேசவில்லை. சேலையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். பார்த்தால் எத்தனையோ பேர் எழுந்து நின்று மரியாதை கொடுக்கிற மனுஷர், சுமைக்காரர் முன்னால் போய்க் கையைக் கூப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு இரண்டு மாதம் வேலை கொடுக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. வேறொருவர் தறியில் கூலிக்கு உட்கார்ந்து நெய்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்யாணத்தில் அந்தப் பெண் அரக்குப் பட்டில்தான் மணையில் உட்கார்ந்தாள்.

சேலை கிடைத்த மறுநாள், வெள்ளிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே நான் அம்மன் கோயிலுக்குப் போனேன். அவரும் வந்திருந்தார். கற்பூரம் அணைக்க அல்ல, சும்மா கும்பிட. பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டோம். பேசவில்லை. அதற்குப் பிறகும் நாங்கள் ரொம்பப் பேசிப் பழகினோம் என்று சொல்ல முடியாது. ஆனால் நான் பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு இறங்கினால், அவர் கண்ணில் பட்டால், "வெச்சியா, எடுத்துகினியா?" என்று தூரத்திலிருந்தே கத்துவார். மொத்தப் பஸ் ஸ்டாண்டும் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆடியில் படவேட்டுக்குப் போய்க் குழந்தைக்கு மொட்டை போட்டோம். அங்கே அம்மன் முன்னால் நின்றபோது எனக்கு என்னவோ அந்த அம்மாவின் முகம்தான் ஞாபகம் வந்தது. இதை என் மனைவியிடம் சொன்னபோது அவள் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கும்தான்" என்றாள். அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு அவர் எங்களைக் கூப்பிட்டார். நாங்கள் மூன்று பேரும் போய், அவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தோம். எங்கள் சொந்தக்காரர்களில் சிலர் அதற்காகக் கொஞ்ச நாள் பேஜார் பண்ணினார்கள். என் மனைவி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மறு வருஷமும் போனோம்.

இப்போதும் படம் பார்க்கிறேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்து போன பிறகு, விளக்குமாறோடு உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் வெளியே வருவேன்.

அன்று அந்த அம்மா என்னைப் பார்த்து "ஏன் பொய் சொல்றே?" என்று கேட்டிருந்தால், நான் கட்டாயம் இன்னொரு பொய் சொல்லியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அவர் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தும், மனைவி முன்னால் என்னை அவமானப்படுத்த ஒரு சொல் சொல்லாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு மெதுவாக நடந்தார். அவர் தெருவில் இறங்கிப் போன அந்த நாலு எட்டுக்குள் நான் அவரைத் திரும்பக் கூப்பிட்டேன் என்ற ஒன்றை நினைத்துத்தான், என்னைப் பற்றி இன்றைக்கும் எனக்குக் கொஞ்சமாவது ஆறுதல் வருகிறது.